கறுத்துப்போன வரி

உட்காரச் சொல்லியும் லிஃப்ட் மெக்கானிக் உட்காரவில்லை. பையிலிருந்த தாள்களை அண்ணியின் மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். மருத்துவமனை அறிக்கை, மனைவியின் இறப்புச் சான்றிதழ், போலீசுக்கு எழுதிய புகார். எல்லாவற்றிலும் முக்கியமான வரிகளின் மேல் அழுத்தமான பச்சை மார்க்கர் ஓடியிருந்தது. கடைசித் தாளில் மட்டும் பச்சை இல்லை. அது ஃபேக்ஸில் வந்த தாள். அதன் நடுவே ஒரு வரி முழுக்கக் கறுப்பாக இருந்தது.

“இதை அடிச்சவன் என் மச்சான். நாளைக்குக் காலையில புகார் குடுக்கறேன். எப்படி அடிச்சான்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்” என்றார்.

அண்ணி பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்தவர். இப்போது தனியாகச் செய்கிறார். எதற்கும் பதற மாட்டார். கூட இருக்கும் கொழுந்தன் நேர் எதிர். வந்தவர் கதையை முடிப்பதற்குள் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடுவான். இன்று அந்த வேலையை வந்தவரே செய்துவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான். மனைவிக்கு ஒரு மருந்து ஆகாது. வாயில் நுழையாத பெயர் என்பதால் டாக்டரிடம் தாளில் எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள். அவர் வெளியூரில் லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அன்று அவள் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டார் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். மருத்துவமனையோ, மருந்து விவரம் ஃபேக்ஸில் வந்தால்தான் ஏற்போம் என்றது. யாரிடமும் ஃபேக்ஸ் மெஷின் கிடையாது. அவர் மச்சானுக்கு ஃபோன் போட்டார். அவன் ஓடிப்போய்த் தாளை ஃபோனில் படம் பிடித்து, ஈமெயிலில் அனுப்பினான். ஈமெயிலை வாங்கி ஃபேக்ஸாகத் தள்ளிவிடும் கம்பெனி ஒன்று உண்டு. தாள் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்த பிறகும் அவளுக்கு ஆகாத மருந்தையே ஏற்றினார்கள். அடித்த வரி என்றால் ரத்தான வரி என்று எடுத்துக்கொண்டார்களாம். மெக்கானிக் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“அசல் தாள் எங்கே?” என்று கேட்டார் அண்ணி.

“தொலைஞ்சு போச்சாம். வருஷக்கணக்கா கதவுல இருந்த தாள், அவன் கை பட்டதும் தொலைஞ்சுதாம். எங்க கல்யாணத்துக்கே வராதவன் அவன்.”

“அந்த வரியை யாராவது கவனிக்காம விட வாய்ப்பு இருக்கா?”

“இல்லவே இல்லை. கண்ணுக்குத் தப்பக் கூடாதுன்னு நானே குறி போட்டு வெச்சிருந்தேன். எங்க வேலையில அப்படித்தான். எந்த வரியை மறந்தா ஆள் சாவானோ, அந்த வரிக்குக் குறி போடுவோம்.”

சாயங்காலம் வீட்டுக்கே வருவதாக அண்ணி சொன்னார். தாள்களை விட்டுவிட்டு மெக்கானிக் போனதும், ஃபேக்ஸைக் கொழுந்தனிடம் நீட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். கறுப்புப் பேனாவால் அடித்திருக்கிறது, பேனா மச்சானுடையது என்றான்.

“அந்தக் கீழ் மூலையில?”

அங்கே பெரிய கறுப்புத் திட்டு ஒன்று இருந்தது. மை கொட்டியிருக்கும் என்றான்.

“மை எங்கயாவது கட்டைவிரல் வடிவத்துல கொட்டுமா? அது ஃபோனைப் பிடிச்ச கையோட நிழல். நிழல் சாம்பலாத்தான் இருக்கும். இங்க ஏன் இவ்வளவு கறுப்பு?”

மெக்கானிக்கின் புகாரைப் படம் பிடித்து, ஈமெயில் வழியாகத் தெருமுனை ஜெராக்ஸ் கடையின் ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார் அண்ணி. அனுப்பிவிட்டுத் துள்ளிக்கொண்டு கடைக்குப் போனான். மெஷின் முனகியபடி தாளைத் துப்பியது. பச்சை இருந்த இடமெல்லாம் கறுப்பு. ஒரு வரியைக்கூடப் படிக்க முடியவில்லை.

கண்டுபிடித்துவிட்டோம் என்று கடைக்காரரிடமே சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் குறி போட்டவர் யார் என்பது உறைத்தது. திரும்பி வரும்போது அவன் துள்ளவில்லை.

“ஃபேக்ஸுக்கு ரெண்டே நிறம்தான் தெரியும்” என்றார் அண்ணி. “வெள்ளைன்னு படாததெல்லாம் கறுப்பு. நிழலும் அப்படித்தான், பச்சையும் அப்படித்தான்.”

“அண்ணி, இதை அவர்கிட்ட சொல்லணுமா? ஃபேக்ஸ் கம்பெனி தப்புன்னு சொல்லிடலாமே.”

“சொன்னா அடுத்து அந்தக் கம்பெனியில ஒரு ஆளைத் தேடுவார். மச்சான் மேல சந்தேகமும் போகாது. செய்யாத கொலைக்கு ஒருத்தன் ஜெயிலுக்குப் போகணுமா?”

மெக்கானிக்கின் சமையலறையில் மச்சான் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். அண்ணிதான் வரவழைத்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் தாள் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. இரண்டு ஃபேக்ஸையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மருத்துவமனைக்குப் போனது, மற்றது இன்று மத்தியானம் வந்தது என்றார். நிழலைக் காட்டினார். பிறகு பச்சை ஓடிய புகாரை எடுத்து அவற்றின் மேல் வைத்தார்.

மெக்கானிக் மேசைமேல் குனிந்தார். லிஃப்ட் கம்பியில் பிரிந்த இழையைத் தேடுபவர்போல விரலால் அந்தக் கறுப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார்.

“நான்தான்” என்றார்.

“நீங்க காப்பாத்தத்தான் குறி போட்டீங்க. ஃபேக்ஸ்ல போனா இப்படி ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, அனுப்பினவருக்கும் தெரியாது” என்ற அண்ணி, மச்சான் பக்கம் திரும்பினார். “ஆனா அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சுது. அதனாலதான் அசல் தாள் தொலைஞ்சுது. இல்லையா?”

மச்சான் தலையசைத்தான். மருத்துவமனைத் தாளைப் பார்த்த அன்றே சந்தேகம் வந்து, தானும் இதேபோல அனுப்பிப் பார்த்ததாகச் சொன்னான். அசலை அன்றைக்கே கிழித்துப்போட்டானாம்.

“உன்னைக் கொலைகாரன்னு ஊரெல்லாம் என்னைச் சொல்லவிட்டே. ஏன்டா சொல்லலை?” மெக்கானிக்கின் குரல் எழும்பவே இல்லை.

“அக்கா போனதுக்கப்புறம் நீங்க சாப்பிடலை, தூங்கலை, மாமா. என்மேல கோபம் வந்த பிறகுதான் எழுந்து நடமாடினீங்க. அந்தக் கோபமாவது உங்களை இழுத்துப் பிடிச்சிருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. மெக்கானிக் அழுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று கொழுந்தன் காத்திருந்தான். இரண்டும் நடக்கவில்லை. அவர் ஒரு நாற்காலியை மச்சான் பக்கம் நகர்த்திவிட்டு, எதிரில் தானும் உட்கார்ந்தார்.

“ஃபேக்ஸ் அனுப்பிட்டு நீ ஆஸ்பத்திரிக்குப் போனே இல்ல? கடைசியில அவகூட இருந்தது நீ ஒருத்தன்தான். இத்தனை நாளா உன்கிட்ட நான் கேக்கவே இல்லை” என்றார். “அவ கண்ணு முழிச்சாளா?”

“முழிச்சா, மாமா.”

“சொல்லு. முதல்லேருந்து சொல்லு.”

மச்சான் உட்கார்ந்தான். அண்ணி கொழுந்தனின் தோளைத் தொட்டார். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.