பொன்மணியின் ஹாரன்

சங்கிலிமுத்து ஆமத்தூர் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. விருதுநகரில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை அவனுக்கு. 2006ஆம் வருஷம், கார்த்திகை மாதம். ஆமத்தூர் டிராக்டர்காரர் ஊர்க்காவலன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது, தன் டிராக்டரில் ஹாரன் தானாக அடிக்கிறது என்று மட்டுமே சொல்லியிருந்தார்.

ஊரின் கடைசி வீடு. ஒட்டினாற்போல் தகரக் கொட்டகை. அதற்குள் பழைய டீசல் டிராக்டர், டிரெய்லரைக் கழற்றாமலே நின்றது. மத்தியானம்தான் என்றாலும் உள்ளே இருட்டு. டீசல் வாடைக்கு அடியில் லேசான கந்தக வாடை. பட்டாசுத் தொழில் நடக்கும் இந்தப் பக்கத்துக்காரனுக்கு அது புதிதில்லை. ஆனால் கழுவித் துடைத்த வெறும் டிரெய்லரிலிருந்து எப்படி வருகிறது என்று நினைத்தான்.

"எப்பண்ணே அடிக்குது?"

"பொழுது அடையுற நேரம்." ஊர்க்காவலன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கம்பெனி விட்டு வர்ற நேரத்துக்கு. சின்னதா ரெண்டு, நீளமா ஒன்னு."

"தினமுமா?"

"தினமும். எப்படியாச்சும் நிறுத்திருங்க தம்பி. எம் பொஞ்சாதி செத்துப் போயிருவா."

அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். காலையில் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப் பட்டாசு கம்பெனியில் இறக்குவதும், சாயங்காலம் கூட்டி வருவதும் அவர் தொழில். அதே கம்பெனியில் அவருடைய ஒரே மகள் பொன்மணியும் வேலை பார்த்தாள். திரும்பும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் மட்கார்டு மேல் உட்கார்ந்துகொள்வாள். தெருமுனை வந்ததும் எட்டி ஹாரனை அமுக்குவாள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. குளிக்க வெந்நீர் எடுத்துவைக்கச் சொல்லி, வீட்டுக்குள் இருக்கும் அம்மாவுக்கு அது தகவல்.

ஆவணி மாதம், தீபாவளி ஆர்டர் நெருக்கிய சமயம், அவள் அலுமினியப் பொடி கலந்த மருந்தை அடைத்துக்கொண்டிருந்த அறை வெடித்தது. உடலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. பெற்றவள் கருப்பம்மாள் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

ஷார்ட் ஆகியிருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சங்கிலிமுத்து வேலையில் இறங்கினான்.

பேட்டரி, பியூஸ், சாவி எல்லாம் சரியாக இருந்தன. டெஸ்ட் பல்பைப் பிடித்து ஹாரன் வயரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போனான். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே அது வளையும் இடத்தில், மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. எலியும் கடித்திருந்தது. அந்தச் செம்பு இரும்பில் பட்டால் போதும், பட்டனை அமுக்கினது போலத்தான், ஹாரன் அடிக்கும். அவனுக்குப் பெருமூச்சு வந்தது.

"இந்தா இருக்குண்ணே கோளாறு. வேற ஒன்னுமில்ல."

பழைய வயரை உருவிவிட்டுப் புது வயர் போட்டான். பட்டனை அமுக்கினால் அடித்தது. விட்டால் நின்றது. ஊர்க்காவலனின் மனசு ஆறட்டும் என்று பேட்டரி முனையையும் கழற்றி வைத்தான்.

அதற்குள் வெளியே மங்கிவிட்டது. கொட்டகை வாசலில் கருப்பம்மாள் வந்து நின்றாள். கண் குழி விழுந்திருந்தது.

"சரி பண்ணிட்டீகளா தம்பி?"

"சரியாயிருச்சுக்கா. வயருதான் தேஞ்சு கெடந்துச்சு."

அவள் டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனிமே வர மாட்டாளா?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அவன் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

ஹாரன் அடித்தது.

சின்னதாக இரண்டு.

பிறகு நீளமாக ஒன்று.

தகரம் அதிர்ந்து அடங்கியது. தனியாகக் கிடந்த பேட்டரி முனையை அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். எதிலும் படாமல்தான் கிடந்தது.

"கழத்திட்டேன்னு சொன்னீக?" ஊர்க்காவலனின் குரல் கிசுகிசுத்தது.

"கழத்தித்தாண்ணே கெடக்கு."

"ஹாரனையே புடுங்கிருங்க. சீக்கிரம், கருப்பம்மா வந்துரப் போறா."

போல்ட்டு இரண்டு தடவை வழுக்கியது. ஒருவழியாக ஹாரனைப் பிடுங்கி எடுத்தான். அது அவன் கையில் சூடாக இருந்தது.

திரும்பினால் கருப்பம்மாள் நின்றாள். அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய வெந்நீர்ப் பானையைத் துணி சுற்றிப் பிடித்திருந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி புடுங்குனீக? எம்புள்ள வீடு தெரியாமப் போயிருவாளே."

ஊர்க்காவலன் டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். மகளை எரித்த அன்றுகூட அழாதவர், இப்போது வாய்விட்டு அழுதார்.

"நாந்தான் புடுங்கச் சொன்னேன் கருப்பம்மா. உன்னையும் பறிகொடுத்துட்டு நான் என்ன செய்ய?"

டிரெய்லரில் சங்கிலி அசைந்தது.

பின்பலகை மெல்ல முனகியது. யாரோ குதித்து இறங்கினது போல டிரெய்லர் ஒருமுறை தாழ்ந்து எழும்பியது.

ஊர்க்காவலனின் அழுகை நின்றுபோனது.

கருப்பம்மாள் மட்டும் பயப்படவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில், தென்னங்கிடுகு மறைத்த குளிக்கும் இடத்துக்குப் பானையைக் கொண்டுபோனாள். வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, கைவிட்டுச் சூடு பார்த்தாள். துண்டை மறைப்பின் மேல் போட்டாள். பிறகு வெளியே வந்து, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க. வயசுப்புள்ள குளிக்கப் போகுது."

சங்கிலிமுத்து திரும்பி நின்றான்.

பின்னால் செம்பு வாளியில் இடித்தது.

தண்ணீர் விழுந்தது. ஒரு செம்பு. இன்னொரு செம்பு. அவசரமில்லாமல், வேலை முடிந்து வந்த அலுப்போடு குளிக்கும் சத்தம்.

"கையை நல்லாத் தேயி தாயி," என்றாள் கருப்பம்மாள்.

மறைப்புக்கு அடியிலிருந்து வழிந்த நீர் சரிவில் ஓடி வந்து அவன் வெறுங்காலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து பார்த்தான். நீரோடு அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கிக்கொண்டு ஓடியது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து, மறைப்புக்குள்ளிருந்து ஈரக்கூந்தலைத் துண்டால் தட்டும் சத்தம் வந்தது.