பார்க்க வந்தவர்கள்

வீடு பார்க்க வந்த குடும்பம் காரேறிப் போய்விட்டது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் மிச்சம்.

ஆண் செருப்பு. தேய்ந்த குதிகால். மழையில் நடந்து வந்தது போல ஊறிப்போயிருந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாகிறது.

நர்ஸ் அதைக் காலால் ஓரம் தள்ளினாள். ராத்திரி டூட்டி முடிந்து வந்தவள் இன்னும் கண்ணை மூடவில்லை. கணவன் மாற்றலாகி மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு கட்டிலும் அடுப்பும் சாவிக்கொத்துமாக இவள் மட்டும் இங்கே. வீடு விற்றால்தான் அவர்களோடு போய்ச் சேர முடியும்.

தரகருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, யாரோ செருப்பை விட்டுட்டுப் போயிட்டாங்க."

"புதுசா சிஸ்டர்? என் அளவுன்னா எடுத்து வைங்க!"

"விளையாடாதீங்க. போன வாரம் வந்து பார்த்த வாத்தியார்தான் நம்ம விலைக்கு ஒத்துக்கிட்டாரே, 'வீடு விற்பனைக்கு' போர்டை எடுத்துடவா? வர்றவங்க எல்லாம் பாத்ரூம் குழாயைத் திருகிப் பார்க்கறாங்க, கட்டில்ல உட்கார்ந்து பார்க்கறாங்க. எனக்குத் தூக்கமே இல்ல."

"வாய்ச்சொல்லை நம்பி யாராவது கடையைச் சாத்துவாங்களா? அட்வான்ஸ் கைக்கு வரட்டும். நாலு பேர் வந்துபோனாத்தான் வாத்தியாருக்கும் ஒரு பயம் இருக்கும்."

கணவனும் அதையேதான் சொன்னான். போர்டு கேட்டிலேயே தொங்கியது.

ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாரும் போன பிறகு வாசலில் ஏதோ ஒன்று மிஞ்சியது. வார் அறுந்த பெண் செருப்பு. பிறகு, உள்ளங்கையில் அடங்குகிற குழந்தைச் செருப்பு. குப்பைத் தொட்டியில் போட்டாள். டூட்டி முடிந்து திரும்பினால் எல்லாம் மறுபடி வாசலில், நுனி வீட்டைப் பார்த்தபடி, ஈரமாக, வரிசையாக. எவனோ வேலையற்ற பயல் என்று திட்டிக்கொண்டே தாண்டிப் போனாள். சண்டை பிடிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

ஆனால் வீட்டுக்குள் காற்று மாறியிருந்தது. கட்டில் எண்ணிக்கைக்கு மேல் ஆள் சேர்த்து, நடைபாதையிலும் பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கும் வார்டுக்குள் நுழைந்ததுமே முகத்தில் வந்து மோதுமே, ஈரத் தலைமுடியும் வியர்வையும் பலபேர் விட்ட மூச்சும் கலந்த வெதுவெதுப்பு, அது இந்தக் காலி வீட்டின் ஒவ்வோர் அறையிலும் கழுத்து உயரத்துக்குத் தேங்கி நின்றது. ஜன்னலைத் திறந்தாள். போகவில்லை.

சாயங்காலம் மகள் போனில் வந்தாள்.

"அம்மா, எப்பம்மா வருவே?"

"சீக்கிரம்டி, தங்கம்."

"வீட்டுக்கு யாரும்மா வந்திருக்காங்க?"

"யாருமில்லையே."

"நிறையப் பேர் கேக்குதே."

சட்டென்று பேச்சை மாற்றி போனை வைத்தாள். போதும். விலை குறைந்தாலும் சரி, தரகர் குதித்தாலும் சரி. நேராகப் போய் போர்டின் கம்பியை முறுக்கிப் பிய்த்தாள், அதைக் கூடத்து மூலையில் எறிந்தாள், அங்கேயே நின்று வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

"வீடு உங்களுக்குத்தான் சார். போர்டை எடுத்துட்டேன். இனிமே யாரும் பார்க்க வர மாட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம் சிஸ்டர்! மாசமா இருக்கிற என் பொண்ணு, இந்த வீடுதான் வேணும்னு அழுதுட்டே இருந்தா. நாளைக்குக் காலையில அட்வான்ஸோட வர்றோம்."

"வாங்க சார். எல்லாம் முடிஞ்சுது."

போனை அணைத்தாள்.

படுக்கையறைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒருவரல்ல. நெடுநேரம் வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசியில் 'உள்ளே வாங்க' என்று சொன்னால் விடுவார்களே, அப்படி ஒரே மூச்சாக, பலபேர்.

பிறகு கட்டில் முனகியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

ஓட வேண்டும். வாசல் நாலடி தூரம்தான். ஆனால் டூட்டி முடிந்தால் எந்தப் பக்கம் போவது என்று கால்களுக்குத் தெரியும். அவளைக் கேட்காமலே போயின.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தொட்டாள். திறந்தது.

கட்டில் நிறைய ஆட்கள்.

ஆண்கள். பெண்கள். ஒரு குழந்தை. தோளோடு தோள் இடித்து, மல்லாந்து, கண் கொட்டாமல் கூரையைப் பார்த்தபடி. வெளிறி ஊறிய உள்ளங்கால்கள் அவளை நோக்கி. விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் மட்டும் கொஞ்சம் இடம். ஒரு ஆள் படுக்கிற அளவு.

அந்த இடத்தை ஒட்டிப் படுத்திருந்தவள் மெதுவாக முகத்தைத் திருப்பினாள். சிரிப்பில்லை. கோபமுமில்லை. தூங்கப்போகும் வீட்டில் கடைசியாக வருகிறவளுக்குச் செய்வதுபோல, போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.