மஞ்சள் முக்கோணங்கள்

ஒயரைப் பிடுங்கிய பிறகும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தம். மெக்கானிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். சொட். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, நடையின் கோடியிலிருந்த குளியலறையில் சொட். முதலில் ஸ்பீக்கர், பிறகுதான் குழாய். அவன் கையிலிருந்த ஒயரின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஸ்பீக்கருக்குள் ஒரு கரண்டி கணீரென்று விழுந்தது. அவன் நிமிர்வதற்குள் சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

"என்னாச்சு, சரியாச்சா?" உள்ளேயிருந்து அவன் மனைவி கேட்டாள்.

"ஆகும். சும்மா நொய்நொய்னு உயிரை வாங்காத."

"அஞ்சு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு. பதினாலு பிள்ளைங்க கேமரா முன்னாடி உக்காந்திருக்கும். அந்த அப்டேட்டைப் போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

"உன் பேச்சைக் கேட்டா நான் தொழில் பண்ணுன மாதிரிதான்."

தொழிலில் அவன் பெயர் ரீஸ்டார்ட். பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர். எந்த ஆபீஸில் எந்த மிஷின் படுத்தாலும் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. சாதனங்களின் பட்டியலைத் திறப்பான். கோளாறு உள்ளவற்றின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். அத்தனையையும் மொத்தமாகப் பிடித்து நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் போடுவான். மிஷின் எழுந்ததும் தானாகத் தேடி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். அசல் மென்பொருள் அகப்படாவிட்டால், பொது வகை என்று ஒன்றை அதன் இடத்தில் மாட்டிவிடும். பிரிண்டர் அச்சடிக்கும், நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். கேமராவில் முகம் தெரியும், யார் முகம் என்றுதான் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். வாடிக்கையாளர் முனகினால், "ஓடுதில்ல? அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொள்வான். பெயர்களைப் படிக்கிற வழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. முக்கோணம் தெரிந்தால் போதும்.

பட்டியலைத் திறந்தான். வழக்கமாக முப்பது வரி இருக்கும். இன்று உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருந்தது. வானம் மூடிக் கிடந்த அந்த மத்தியானத்தில் அறை முழுக்கத் திரையின் வெளிச்சம்தான். மிஷினின் பின்பக்கத்திலிருந்து சூடான தூசி வாடை வந்தது. கூடவே, ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி வைத்தால் வருமே, அப்படி ஒரு நாற்றம்.

தரையில் செருப்பு தேய்கிற சத்தம். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற நடை. மகள். ஆறு வயது. முன்பல் இரண்டு விழுந்திருந்தது. மோவாயில் மூன்று தையல் போட்ட தழும்பு. 'ர' இன்னும் வாயில் நிற்கவில்லை. இந்த வருஷம்தான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள், சோப்பு உறையில் இருப்பதைக்கூட விடமாட்டாள். அவன் தோளில் மோவாயை வைத்துத் திரையைப் படிக்க ஆரம்பித்தாள்.

"மின்... விசிலி. சுவல்க்... கடிகாலம். குழாய். அப்பா, இதுல பாப்பான்னு போட்டிலுக்கு!"

"ஏதாச்சும் போட்டிருப்பான். உள்ள போய் விளையாடு."

"முக்கோணம் இலுக்கு. லீஸ்டால்ட் பண்ணப் போலியா?"

"போறியா, முதுகுல ரெண்டு வைக்கட்டுமா?"

அவள் தோளிலிருந்து மோவாயை எடுத்தாள். அந்த இடம் மட்டும் ஈரமாகச் சில்லிட்டது. செருப்பு தேய்ந்துகொண்டே நடைக்குள் போனது. அவன் முக்கோணங்கள் அத்தனையையும் பிடித்தான். 'நிச்சயமாக நீக்கவா?' என்ற கேள்வி முழுதாக வருமுன்பே ஆம் என்று அழுத்திவிட்டான்.

செருப்புச் சத்தம் நடு நடையில் நின்றது.

அதோடு எல்லாமே நின்றது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்று இறங்கவில்லை, இரைச்சலும் இல்லை. சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்ந்தது, டிக் என்ற ஒலி இல்லை. குழாய் சொட்டவில்லை. காதில் பஞ்சை அடைத்தாற்போல வீடு இறுகிக் கிடந்தது.

"பாப்பா?"

எழுந்து போய்ப் பார்த்தான். நடையில் இடது செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. தொட்டான். சூடாக இருந்தது. உள்ளறை மேசையில் பாதி வரைந்த சூரியன். பக்கத்தில் ஒரு கிரேயான் உருண்டு போய்க்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ கையை விட்டதுபோல. கட்டிலுக்கு அடியில் பார்த்தான். கதவுக்குப் பின்னால். பீரோவுக்குள்.

"பாப்பா! விளையாடாத, வெளிய வா!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "யாரைக் கூப்பிடுறீங்க?"

"பாப்பாவை. உன்கிட்ட வந்தாளா?"

"எந்தப் பாப்பா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கண்ணில் எரிச்சல் இருந்தது, பொய் இல்லை.

"நம்ம பாப்பாடி! நீ பெத்தவ!"

"உங்களுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா? மிஷினைச் சரி பண்ணச் சொன்னா..." அவள் திரும்பிப் போய்விட்டாள்.

சுவரில் குடும்பப் படம். அவனும் அவளும் நின்றார்கள். இருவருக்கும் நடுவே ஒரு பிள்ளை நிற்கிற அளவு இடைவெளி. அவன் கை, படத்துக்குள், இல்லாத ஒரு தோளைப் பிடித்திருந்தது.

படிச்சுப் பாத்திருக்கலாமே. பிள்ளை கூட்டிக் கூட்டிப் படிச்சுச் சொன்னாளே. அட பாவி, காது கொடுத்திருக்கலாமே.

அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓடிப்போய் ரீஸ்டார்ட் போட்டான்.

திரை கறுத்தது. நெடுநேரம் கறுத்தே கிடந்தது. வெள்ளை எழுத்து வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

விசைப்பலகை, கிடைத்தது. மின்விசிறி, கிடைத்தது. வியர்த்த பிடரியில் காற்று விழுந்தது. சுவர்க்கடிகாரம், கிடைத்தது. டிக். டிக். குழாய், கிடைத்தது. சொட்.

"வரும், வரும். தானா வந்துரும்," என்று வாய்விட்டுச் சொன்னான். செருப்பை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தான்.

பாப்பா, தேடப்படுகிறது.

பாப்பா, தேடப்படுகிறது.

பாப்பா, அசல் கிடைக்கவில்லை. பொது வகை நிறுவப்படுகிறது.

"வேணாம்!"

ரத்து பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். திரை எரிந்துகொண்டே இருந்தது.

நிறுவப்பட்டது.

நடையில் காலடிச் சத்தம். இரண்டு செருப்பும் சமமாக விழுந்தன. எந்தக் காலும் தேயவில்லை. அவன் மடியைப் பார்த்தான். செருப்பு இல்லை.

"பாப்பா, அப்பாவைத் தொந்தரவு பண்ணாத கண்ணு," சமையலறையிலிருந்து மனைவியின் குரல். பாசமான குரல். "கிளாஸுக்கு நேரமாச்சு."

ஒரு சிறுமி வாசற்படியில் நின்றாள். ஆறு வயது இருக்கும். எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நிற்கிற பிள்ளை. பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் நினைவில் நிற்காத முகம். சிரித்தாள். பல் எல்லாம் இருந்தது. மோவாய் வழவழவென்று இருந்தது.

"எம்பொண்ணு எங்கடி?"

"நான்தாம்பா." நடந்து வந்தாள். அவன் தோளில் மோவாயை வைத்தாள். சூடும் இல்லை, குளிரும் இல்லை. "ஓடுதில்ல? அப்புறம் என்ன?"

எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. திரையில் பட்டியல் திறந்திருந்தது. எல்லாம் சுத்தம். ஒரே ஒரு முக்கோணம்.

அப்பா.

சிறுமி மௌஸைப் பிடித்தாள். அம்பு அந்த வரிக்கு இறங்கியது. 'நிச்சயமாக நீக்கவா?'

"ரீஸ்டார்ட் பண்ணட்டுமாப்பா?" ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இன்னும் தொடவில்லை.

ஒயர் இல்லாத ஸ்பீக்கரில் கேட்டது.

கிளிக்.