கொதித்த பனி வண்டி

சனி காலை 9.10. ஒக்லாந்துப் புறநகர் தகனினி அருகே மோட்டர்வே ஓரத்தில், கராஜ் முதலாளி ஏர்னஸ்டின் பிக்கப் செத்துக் கிடந்தது. பொனட்டிலிருந்து ஆவி. ஒரே வாரத்தில் இது மூன்றாவது கொதிப்பு. வண்டியின் முகத்தை மறைத்து உயர்த்தி நிறுத்திய பனி தள்ளும் தகடு; அதில் பெரிய எழுத்தில் அவர் பெயர். ஒக்லாந்தில் தள்ளுவதற்குப் பனி இல்லைதான். ஆனால் தெற்கே மலையடிவாரத்தில் பனி தள்ளும் ஒப்பந்தம் கிடைத்ததை ஊர் அறிய வேண்டாமா?

9.25. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள வட்சப் குழுவில் அவர் எழுதினார்: "என் கராஜில் வேலை செய்யும் யசீகரன் ரேடியேட்டரில் கை வைத்துவிட்டான். துரோகி. இன்றோடு வேலை இல்லை." வேலை போனால் யசீகரனின் விசாவும் போகும். அனுப்பிய விரல் கொஞ்சம் கூசியது. ஏனென்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிற்பகல் 2.00. இழுத்து வந்த வண்டியைப் பார்க்கக் காப்புறுதி நிறுவனம் அனுப்பிய மரகதம் கராஜுக்கு வந்தார். திருச்சிக்காரர். யசீகரனையும் முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார்.

"கூலன்ட் ஒழுகுதா?"

"இல்லை அக்கா. மூடியும் இறுக்கம். இப்ப நிரப்பி ஒரு மணித்தியாலம் நிண்டபடி ஓடவிட்டன். சூடாகேல்லை."

"அப்போ எப்பதான் கொதிக்குது?"

"அண்ணை மோட்டர்வேயில கொண்டுபோனா."

"முப்பது வருசமா கராஜ் நடத்துறன், பிள்ளை," என்றார் ஏர்னஸ்ட். "எஞ்சினுக்கே என்னைத் தெரியும்."

"ஓம், அதுதான் கண்டவுடன கொதிக்குது," என்று முணுமுணுத்தான் யசீகரன்.

மரகதம் குனிந்து டோர்ச் அடித்தார். தகடெங்கும் செத்த பூச்சிகள். ரேடியேட்டர் பளிச்சென்றிருந்தது.

"வண்டியைக் கழுவினீங்களா?"

"ஒரு வாரமா இல்லை."

2.40. தகட்டைக் கணுக்கால் உயரத்துக்கு இறக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து, ஏர்னஸ்டை அருகில் ஏற்றிக்கொண்டு மரகதமே மோட்டர்வேயில் ஓட்டினார். இருபது நிமிடம். முள் நடுவைத் தாண்டவில்லை. சூடேறியவை ஏர்னஸ்டின் காதுகள் மட்டும்.

3.15. "யாரும் கை வைக்கல சார். குற்றவாளி நீங்கதான்."

"நானோ?"

"ஒரு வாரம் ஓடின வண்டி. ரேடியேட்டர்ல ஒரு பூச்சி இல்ல; எல்லாம் உங்க பேர் மேல அப்பியிருக்கு. பூச்சி போகாத இடத்துக்குக் காத்து எப்படிப் போகும்? நிக்கும்போது ஃபேன் இழுக்குறது போதும். வேகத்துல போதாது. தகட்டை இறக்கிச் சாய்ச்சு ஓட்டணும்னு யாரும் சொல்லலையா?"

சொன்னவன் எதிரிலேயே நின்றான், யசீகரன். போன ஞாயிறு கோயில் வாசலில் சொல்லியிருந்தான், நாலு பேர் முன்னால்: "அண்ணை, தகட்டைப் பதிச்சு ஓடுங்கோ." "நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்று ஏர்னஸ்ட் சிரித்ததும், நாலு பேரும் சேர்ந்து சிரித்ததும் நினைவிருந்தது. காலையில் விரல் கூசியபோதும் நினைவிருந்தது.

"தம்பி," குரலைத் தாழ்த்தினார், "திங்கள் வேலைக்கு வா."

"எனக்குக் கேட்டுட்டுது அண்ணை. மற்ற இருநூறு பேருக்கும் கேக்கேல்லையே."

ஏர்னஸ்ட் போனை எடுத்தார். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கி அழித்தார். 'சில மனக்கசப்புகள்' என்று எழுதி அதையும் அழித்தார். 3.31க்கு அனுப்பினார்: "யசீகரன் பிழை செய்யவில்லை. தகட்டை இறக்கச் சொன்னவனே அவன்தான். கேட்காமல் ஓடியது நான். தெரிந்துகொண்டே அவன்மேல் பழி போட்டதும் நான்."

கண்ணை மூடித் திறப்பதற்குள் செய்தியின் கீழ் முதல் பெருவிரல் விழுந்தது. போட்டவர் அவருடைய மனைவி.