பதினோரு மணிக்கு எடுத்த போன்

என் கணவர் தன் இன்டர்நெட் கம்பெனியின் மோடம் அறையில் குப்புறக் கிடந்தார்.

கழுத்தில், மோடத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சீரியல் கேபிள்.

அலமாரியில் பதினாறு மோடங்களும் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. போன் லைன் வழியாக யார் யாரோ தங்கள் கம்ப்யூட்டரை அவற்றோடு இணைத்து, ஒன்றும் அறியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளை யாரோ போட்டிக் கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள் என்று என் கணவர் முதல் நாள்தான் சொல்லியிருந்தார். யாரென்று கேட்டேன்.

"நாளைக்குச் சொல்றேன். நீ தாங்கமாட்டே."

மாலையில் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விசாரித்தார். அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று என் கணவரிடம். மற்றது கம்பெனியின் கூட்டாளியான என் அண்ணனிடம்.

அண்ணன் அழுதபடியே ஒரு காகிதத்தை நீட்டினான். கம்பெனிக் கம்ப்யூட்டரின் பதிவு. பத்திலிருந்து பன்னிரண்டு வரை, நான்காவது மோடத்தில், அவன் பெயரில் இணைப்பு. வீட்டிலிருந்து வேலை பார்த்தேன் என்றான். அண்ணி ஆமாம் என்று தலையாட்டினாள்.

காகிதத்தை நான் வாங்கினேன். பத்து வருஷம் மோடம்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர் வீட்டிலிருந்து இணைப்பில் இருந்தால், எங்களைக் கூப்பிடுபவர்களுக்கு எங்கேஜ்டு டோன்தான்.

"அண்ணா, உன் வீட்ல எத்தனை லைன்?"

"ஒண்ணுதான். ஏம்மா?"

"பதினோரு மணிக்கு அந்த நம்பருக்குப் பண்ணேன். அண்ணி எடுத்தாங்க. அரை மணி நேரம் பேசினோம்."

இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

யார் பெயரில் இணைப்பு என்றுதான் பதிவு சொல்லும். எங்கிருந்து என்று சொல்லாது. கம்பெனியிலேயே, மோடம் அறைக்குப் பக்கத்து அறையிலிருந்து டயல் செய்திருக்கிறான்!

அண்ணன் மனைவி பக்கம் திரும்பினான்.

"ரிசீவரை எடுத்துக் கீழ வைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி... மறந்துட்டியா?"

வாய் முந்திக்கொண்டது. இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"மறக்கல," என்றாள் அண்ணி. என்னைப் பார்க்கவில்லை. "தினம் பதினோரு மணிக்கு இவ எனக்குப் பண்ணுவா. நான் கிடைக்கலேன்னா புருஷனுக்குப் பண்ணுவா. அவர் எடுக்கலேன்னா கம்பெனிக்கே ஓடிப் போய் நிப்பா. அதான் பேச்சுக் கொடுத்துட்டே இருந்தேன்."

அந்த அரை மணி நேரமும் நான் சிரித்துப் பேசியிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். அண்ணன் அண்ணியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"போதும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல லைன் கிடையாது."