கரை நாடா பிடித்தவள்

காலை டியூட்டி சிஸ்டர் அன்று சீக்கிரமே வந்துவிட்டதால், நைட் டியூட்டி பார்த்த துர்காவும் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டாள். சேவூரில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வீட்டுத் தறியின் சத்தம் கேட்டது. கால்கள் அப்படியே நின்றன.

கரை சேர்த்து நெய்யும் பட்டுச்சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் அவள் கணவன் ஹேமநாத். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய கட்டையான கரை நாடாவை எறிவது துர்கா. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பலகை அவளுடையது. அவள் வராமல் தறி ஓடாது. அப்படியிருக்க, இன்று யார்...?

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அவள் பலகையில் ஓரகத்தி அகல்யா!

ஹேமநாத்தின் தம்பி மனைவி அவள். இருவரும் ஒரே நர்சிங் டிப்ளமா, ஒரே ஆஸ்பத்திரி. பிறகு அகல்யா இரண்டு வருஷம் பி.எஸ்சி. படித்துவிட்டு வந்து வார்டு இன்சார்ஜ் ஆனாள். மூத்தவளான துர்காவுக்கு இப்போது டியூட்டி போடுவதே அவள்தான். போன வாரம் சாப்பாட்டின்போது, "அக்கா, நீங்களும் படிங்க. சீட் இருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு திங்கட்கிழமை கிளாஸ் ஆரம்பம்" என்று சொன்னாள். துர்காவுக்குச் சுருக்கென்றது. 'நான் குறைச்சல்னு குத்திக் காட்டுறாளா?' என்று நினைத்தவள், "நான் போனா தறி நின்னுடும்" என்று வெடுக்கென்று முடித்துவிட்டாள்.

இப்போது தறி நிற்கவில்லை!

"நல்லாருக்குடி! ஆஸ்பத்திரில என் எடத்தைப் புடிச்சிக்கினே. இப்போ எம் புருசன் பக்கத்துல இருக்கிற பலகையும் வேணுமா உனக்கு?"

ஹேமநாத்தின் கை நின்றது. "துர்கா! இன்னா பேசறே?"

"நான் ஒருத்தி இல்லன்னாலும் ஓடும்னு காட்டுறீங்களா எல்லாரும்?"

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமியார் கமலம் எழுந்தாள். "காலங்காத்தால பேஜார் பண்ணாதடி. செருப்போட தறிகிட்ட நிக்கிறே பாரு!"

"உங்க பி.எஸ்சி. மருமகளையே கொஞ்சுங்க அத்தை! நான் யாரு உங்களுக்கு?"

அகல்யா எழுந்தாள். ஜரிகை அறுத்த விரல் சிவந்திருந்தது. "அக்கா... தறி நின்னுடும்னு சொன்னீங்க இல்ல? அதான் கத்துக்கினேன். டியூட்டிக்கு முன்னாடி கொஞ்சம், சாயந்தரம் வந்து கொஞ்சம் நான் உக்காருறேன். நீங்க காலேஜு போங்க."

"எனக்குப் பிச்சை போடுறியா?"

"பிச்சையா?" அகல்யாவின் குரல் உடைந்தது. "நான் படிக்கப் போறப்ப எம் பொண்ணு கைக்கொழந்தை. பகல்ல அவளைப் பார்த்துக்கத்தானே நைட் டியூட்டியாவே கேட்டு வாங்கினீங்க? அதுக்கு நடுவுல தறி வேற... எப்போக்கா தூங்கினீங்க? 'அடுத்து நான் போறேன்'னு சொன்னீங்க. உங்களை யாரும் அனுப்பல. டாக்டர் என்னை மேடம்னு கூப்புடறப்ப எல்லாம் உங்க மூஞ்சைப் பாக்க முடியலக்கா..."

கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "நான்தான் பாவி! சின்னவ படிச்சான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். பெரியவ படிக்க வெச்சான்னு ஒருத்திகிட்ட சொன்னேனா?"

எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! துர்கா வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். தறியைக் குனிந்து பார்த்தாள். கரையோரத்தில் பட்டுநூல் வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ... இதை எவடி கட்டுவா?"

"நீ வந்த புதுசுல போட்ட கரையை எங்கப்பா யாருக்கும் காட்டவேயில்ல" என்றான் ஹேமநாத்.

அழுகையும் சிரிப்புமாக அகல்யாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள் துர்கா. "எனக்குப் பொறாமைதான்டி. நீ வெள்ளைக் கோட்டு போட்டுகினு வரப்ப எல்லாம் வயிறு எரியும்."

"எனக்கு மட்டும் இல்லையாக்கா? இன்னைக்கும் தூக்கம் வந்தா எம் பொண்ணு உங்க மடியைத்தானே தேடுறா! பெத்தவ நான் பக்கத்துலயே இருக்கேன்..."

துர்கா அவளை விலக்கி நிறுத்தி, ஜரிகை அறுத்த அந்த விரலை முந்தானையில் ஒற்றினாள்.

"சரி, திங்கட்கிழமை போறேன். ஆனா ஒண்ணு... இந்தப் பலகை ரெண்டு வருஷத்துக்குத்தான் உனக்கு. அதுக்கு மேல ஒரு நாள் உக்காந்தே, இன்சார்ஜுன்னுகூட பாக்க மாட்டேன்!"