கடைசி அத்தியாயம் மட்டும் சேவ் ஆகவில்லை

என் கணவர் லட்சுமணசாமி போய்ச் சேர்ந்த பிறகு அன்னூர் வீட்டை அன்றுதான் திறந்தேன். உள்ளே எலி வாடை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவர் மேசையிலேயே அவருடைய கிழட்டு லேப்டாப்பை வைத்து ஒயரைச் செருகினேன். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அப்படியே அணைந்துவிடும்.

துடியலூர் மெக்கானிக் நிஜாம்தான் அதில் லினக்ஸ் போட்டு ஓட வைத்தவர். அதற்குள் ஒரு சின்னக் கட்டத்தில், என் கணவர் தட்டச்சு செய்த பழைய டாஸ் மென்பொருளும் ஓடும். கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் ஒவ்வொரு வரிக்கும் சேவ் செய்வார். ஒவ்வொரு சேவுக்கும் அது ‘பீப்’ என்று கத்தும். அந்தச் சத்தத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

என் நாவல் முழுக்க அந்த மென்பொருளில்தான் இருக்கிறது. கதாநாயகன் அவர்தான், பெயர் மட்டும் வேறு. கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறார். பொழுது சாய்வதற்குள் அனுப்பாவிட்டால் புத்தகமே கிடையாது என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சாவை எழுதி சேவ் செய்தேன். ‘பீப்’ என்றது. திறந்து பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் காணோம்.

மறுபடியும் அடித்தேன். மறுபடியும் காணோம். முன்னால் இருந்ததெல்லாம் ஒரு புள்ளி மாறாமல் அப்படியே இருந்தது. இதற்கு நடுவில் லினக்ஸ் வேறு, புதுப்பிக்கட்டுமா என்று வந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்தேன்.

“ஏனுங்க நிஜாம், இந்தக் கருமம் பீப்புன்னு கத்துது, ஆனா சேவ் ஆக மாட்டேங்குதுங்க!”



“சத்தம் வராதுங்க்கா. ஸ்பீக்கர் பூராவும் எறும்பு. நாந்தான் கழட்டிப்போட்டனுங்க.”

போன் கட்டாகிவிட்டது.

புகையிலை வாடை அடித்தது.

என் கணவர் போடும் புகையிலை.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. உயிரோடு இருந்தபோதும் என்னை நிம்மதியாக ஒரு பக்கம் எழுதவிட்டதில்லை இந்த மனிதர்.

“சாக மாட்டீங்களாக்கும்? சரிங்க, ஊட்டுக்கே வந்துபோடுங்க!”

சாவை விட்டுவிட்டு ஒரே வரி அடித்தேன்: ‘அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.’

சேவ் பொத்தானை நான் தொடவே இல்லை.

‘பீப்.’

திறந்து பார்த்தேன். வரி இருந்தது. பிடிஎஃப் ஆக்கிப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, ஒயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. அப்பாடா என்று இருந்தது.

வாசல் கேட்டின் தாழ்ப்பாள் விலகியது.

கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

ஒயர் என் கையில்தான் இருந்தது. மேசை மேல் லேப்டாப் ‘பீப்’ என்றது.